நெல் உலர்த்தும் இயந்திரம்: இயக்கமும் பராமரிப்பும்

காவிரி டெல்டாவில் குறுவை அறுவடையும் வடகிழக்குப் பருவமழையும் ஏறக்குறைய ஒரே வேளையில் வந்து சேருகின்றன. ஆனி, ஆடியில் நட்ட பயிர் புரட்டாசி, ஐப்பசியில் முற்றுகிறது. வானமும் அப்பொழுதுதான் இருளுகிறது. வயலில் நன்கு விளைந்த நெல், களத்தில் நனைந்து மதிப்பிழப்பதை நாம் ஆண்டுதோறும் காண்கிறோம். விளைவிப்பதில் காட்டும் அக்கறையை உலர்த்துவதிலும் காட்டினாலன்றி உழைப்பின் பயன் முழுமையாக வீடு வந்து சேராது.

இது புதிய தொல்லையன்று. 1960ஆம் ஆண்டையொட்டித் தஞ்சை மாவட்டத்தில் தீவிர வேளாண்மைத் திட்டம் தொடங்கப்பட்டது. பின்னர் ஆடுதுறை ஆராய்ச்சி நிலையத்தில் உருவான ஏ.டி.டி. 27 என்னும் குறுகிய கால நெல் பரவிற்று. விளைச்சல் பெருகியது, ஆனால் மழைக்கால அறுவடையும் அதனுடன் பெருகியது. ஈரநெல்லை எவ்வாறு காப்பது என்ற கேள்வி எழுந்தபோது, மைசூர் மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையத்தின் முதல் இயக்குநராயிருந்த டாக்டர் வி. சுப்பிரமணியன் அவர்கள் திருவாரூர் நவீன அரிசி ஆலை வளாகத்தில் 1967ஆம் ஆண்டு ஓர் ஆய்வுக்கூடத்தை ஏற்படுத்தினார்கள். அந்தச் சிறு ஆய்வுக்கூடமே வளர்ந்து இன்று தஞ்சாவூரிலுள்ள தேசிய உணவுத் தொழில்நுட்ப நிறுவனமாக விளங்குகிறது.

இன்று உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்களும், கூட்டுறவுச் சங்கங்களும், வாடகை இயந்திர மையங்களும் நெல் உலர்த்தும் இயந்திரங்களை வாங்கக்கூடிய நிலை ஏற்பட்டிருக்கிறது. இயந்திரத்தை வாங்குவது எளிது. அதைச் செவ்வனே இயக்கிப் பல்லாண்டு காப்பதே கடினம். ஆகவே அதன் இயக்கத்தையும் பராமரிப்பையும் பற்றி ஊராட்சி உறுப்பினர்களும் விவசாயிகளும் அறிய வேண்டியவற்றை இங்கே விளக்குவோம்.

ஈரப்பதக் கணக்கு

அரசு கொள்முதலுக்கு நெல்லின் ஈரப்பதம் பொதுவாக 17 சதவீதத்துக்கு மேற்படலாகாது என்பது விதி. மழை மிகுந்த ஆண்டுகளில் மத்திய அரசு இதைத் தளர்த்தியதுண்டு. 2022 அக்டோபரில் 19 சதவீதம் வரையிலும், 2023 பிப்ரவரியில் 20 சதவீதம் வரையிலும் தளர்வு தரப்பட்டது. ஆனால் இத்தகைய தளர்வு கோரிக்கை, குழுவின் ஆய்வு, ஆணை என்று பல படிகளைக் கடந்து வருவது. அதுவரை நெல் காத்திருக்காது. ஈரநெல்லைக் குவித்து வைத்தால் அது உயிர்ப்பினாலேயே சூடேறுகிறது. ஓரிரு நாட்களில் அரிசி பழுப்பேறுகிறது, பூஞ்சணம் பிடிக்கிறது, முளையும் விடுகிறது. ஆகவே அறுத்த 24 மணி நேரத்துக்குள் நெல்லை உலர்த்தத் தொடங்க வேண்டும்.

உலர்த்தினால் எடை குறைகிறதே என்று விவசாயிகள் வருந்துவது இயல்பு. இதைக் கணக்கிட்டுப் பார்ப்போம். 40 கிலோ மூட்டைகள் 100 இருக்கின்றன. மொத்தம் 4,000 கிலோ. ஈரப்பதம் 22 சதவீதமானால் அதில் 880 கிலோ நீர். எஞ்சிய 3,120 கிலோவே உலர்ந்த பொருள். இந்த 3,120 கிலோ மாறுவதில்லை. ஈரம் 17 சதவீதமாகும்போது அது மொத்த எடையில் 83 சதவீதமாக அமையும். அப்பொழுது மொத்த எடை ஏறத்தாழ 3,760 கிலோ. குறைந்தது 240 கிலோ. அதாவது 6 மூட்டை. இந்த ஆறு மூட்டையும் நெல்லன்று, நீரே. இதைக் காக்க எண்ணி, நூறு மூட்டையையும் மழையில் திறந்த வெளியில் காத்திருக்க வைப்பது இலாபமாகாது.

நெல்லை உலர்த்துவது காற்றே

இயந்திரத்தைப் பற்றிப் பலரும் கொண்டுள்ள தவறான எண்ணம் ஒன்று உண்டு. வெப்பந்தான் நெல்லை உலர்த்துகிறது. ஆகையால் வெப்பத்தைக் கூட்டினால் வேலை விரைவில் முடியும் என்று கருதுகிறார்கள். உண்மையில் நெல்லிலிருந்து ஈரத்தை ஏற்றுக்கொண்டு வெளியே செல்வது காற்று. உலர்ந்த காற்று ஈரத்தை ஏற்கும். ஏற்கெனவே ஈரம் நிறைந்த காற்று ஏற்காது. இவ்வொரு விஷயத்தை மனத்தில் இருத்திக்கொண்டால் இயந்திரத்தின் மற்ற விதிகள் யாவும் தாமே விளங்கும்.

ஐப்பசி மழை நாளில் நம் பகுதிக் காற்றின் ஈரப்பதம் 90 சதவீதம் இருக்கலாம். அத்தகைய காற்றில் நெல்லை எத்தனை நாள் வைத்தாலும் அதன் ஈரம் ஏறத்தாழ 17 அல்லது 18 சதவீதத்துக்குக் கீழே இறங்காது. மாறாக, நன்கு உலர்ந்த நெல்லை அக்காற்றில் திறந்து வைத்தால் அது மீண்டும் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். மழைக்காலத்தில் வெறும் விசிறி மட்டும் போதாதென்பதற்கும், உலர்த்திய நெல்லை மூடி வைக்க வேண்டுமென்பதற்கும் இதுவே காரணம்.

27 டிகிரி செல்சியஸ் வெப்பமும் 90 சதவீத ஈரப்பதமும் உள்ள காற்றை 40 டிகிரி வரை சூடாக்கினால், அதிலுள்ள நீராவி கூடுவதுமில்லை, குறைவதுமில்லை. ஆனால் சூடான காற்று அதிக நீராவியைத் தாங்கும் ஆற்றலுடையது. ஆகவே அதன் ஈரப்பதம் 45 சதவீதத்துக்கும் கீழே இறங்கிவிடுகிறது. பதிமூன்று டிகிரி உயர்வே நனைந்த காற்றை வறண்ட காற்றாக்கிவிடுகிறது. இதற்குமேல் வெப்பத்தைக் கூட்டுவது எரிபொருளுக்கும் அரிசிக்கும் ஒருசேரக் கேடு.

இயந்திரத்தின் உறுப்புகள்

நம் ஊர்களுக்கு ஏற்றவை இரு வகைகள். முதலாவது, தட்டைப் படுகை உலர்த்தி. துளைத் தகட்டின்மேல் ஒன்று அல்லது ஒன்றேகால் அடி உயரத்துக்கு நெல்லைப் பரப்பி, அடியிலிருந்து சூடான காற்றைச் செலுத்துவது இது. அமைப்பு எளியது, விலை குறைவு. ஆனால் அடியிலுள்ள நெல் முதலில் உலர்ந்துவிடும்; மேலுள்ளது ஈரமாகவே நிற்கும். ஆகையால் இடையில் ஒரு முறையேனும் கிளறிவிட வேண்டும்.

இரண்டாவது, சுழற்சி உலர்த்தி. இதில் எலிவேட்டர் நெல்லை மேலே ஏற்றுகிறது. நெல் மெல்லக் கீழிறங்கும்போது ஒரு பகுதியில் சூடான காற்று படுகிறது. மற்றொரு பகுதியில் காற்றுப் படாமல் ஓய்வு கொள்கிறது. இவ்வாறு பல முறை சுற்றி வருகிறது. சீராக உலர்வதற்கு இதுவே சிறந்தது.

இரு வகையிலும் ஊதுவிசிறி, மோட்டார், சூடாக்கும் பகுதி, வெப்பமானி ஆகியவை முக்கியமானவை. டீசல், எரிவாயு, உமி, விறகு என்பவற்றுள் ஒன்று எரிபொருளாகலாம். மேலே கூறிய 240 கிலோ நீரை ஆவியாக்கக் குறைந்தது 1,44,000 கிலோ கலோரி வெப்பம் வேண்டும். அடுப்பிலும் குழாயிலும் வீணாவதையும் சேர்த்தால் ஏறத்தாழ இருமடங்கு செலவாகும். அது சுமார் 33 லிட்டர் டீசலுக்கு ஈடு. உமியானால் 100 கிலோ அளவு. நூறு மூட்டை நெல்லை அரைத்தால் அதில் ஐந்தில் ஒரு பங்கு உமியாகக் கிடைக்கும். ஆகவே அருகில் அரிசி ஆலை இருக்குமிடத்தில் உமி அடுப்பே சிக்கனமானது. ஆனால் உமி அடுப்பின் புகை நெல்லிற் படாதவாறு வெப்ப மாற்றுக் குழாய் உள்ளதையே தேர்ந்தெடுக்க வேண்டும்.

நெல்லை இடுமுன்

அறுவடை இயந்திரத்தில் அறுத்த நெல்லில் வைக்கோல் துண்டு, பச்சைக் களை, பதர் ஆகியவை கலந்து வருகின்றன. இவற்றைத் தூற்றி நீக்காமல் இயந்திரத்தில் இடலாகாது. குப்பை தங்கிய இடத்தில் காற்று நுழையாது; அங்கே நெல் ஈரமாகவே நிற்கும். உலர்ந்த வைக்கோல் துண்டு சூடான பகுதியிற் சேர்ந்தால் தீப்பற்றும் அபாயமும் உண்டு.

ஈரப்பதத்தில் பெரிதும் வேறுபட்ட நெல்லை ஒன்றாகக் கலத்தல் தவறு. ஒருவருடைய 24 சதவீத நெல்லையும் மற்றொருவருடைய 18 சதவீத நெல்லையும் சேர்த்து உலர்த்தினால், முன்னது ஈரமாகவும் பின்னது அளவுக்கு மீறிக் காய்ந்தும் வெளிவரும். ஐந்து இடங்களிலேனும் மாதிரி எடுத்து, ஈரமானியால் அளந்து, சராசரியைப் பதிவேட்டில் எழுதிய பின்னரே நெல்லை ஏற்க வேண்டும்.

இயக்கும் முறை

1. மும்முனை மின்சாரமும் சரியான மின் அழுத்தமும் உள்ளனவா என்று பாருங்கள். மின்கம்பிகளை மாற்றி இணைத்தால் மோட்டார் எதிர்த்திசையிற் சுற்றும். விசிறி ஓடுவதுபோல் தோன்றினும் காற்று போதியவாறு வராது. அம்புக்குறியின் திசையில் சுற்றுகிறதா என்று ஒவ்வொரு பருவத் தொடக்கத்திலும் சோதித்தல் வேண்டும்.

2. முதலில் விசிறியை இயக்குங்கள். காற்று சீராக வந்த பின்னரே அடுப்பை மூட்டுங்கள். இந்த வரிசையை ஒருபோதும் மாற்றலாகாது.

3. குறிக்கப்பட்ட அளவு வரை நெல்லை நிரப்புங்கள். குறைவாக நிரப்பினால் காற்று எளிய வழியில் வெளியேறி வீணாகும். மிகுதியாக நிரப்பினால் காற்று ஊடுருவாது.

4. தட்டைப் படுகையில் காற்றின் வெப்பம் 43 டிகிரிக்கு மேற்படாமல் பாருங்கள். சுழற்சி உலர்த்தியில் நெல் சிறிது நேரமே வெப்பத்திற் படுவதால் காற்று இதனினும் சூடாயிருக்கலாம். அதன் அளவை இயந்திரத்துடன் வரும் கையேட்டின்படி வைத்துக்கொள்ளுங்கள்.

5. ஒவ்வொரு மணிக்கும் காற்றின் வெப்பத்தையும் நெல்லின் ஈரத்தையும் அளந்து எழுதுங்கள். மணிக்கு அரை முதல் ஒரு சதவீதம் வரை ஈரம் குறைவது நல்ல அளவு.

6. அளக்குமுன் மாதிரியை ஆறவிடுங்கள். சூடான நெல்லை அளந்தால் ஈரமானி பொய் சொல்லும். மேலும், உலர்த்தியவுடன் நெல்லின் மேற்புறம் காய்ந்தும் உட்புறம் ஈரமாயும் இருக்கும். சில மணி நேரத்துக்குப்பின் அளந்தால் அரை முதல் ஒரு சதவீதம் கூடக் காட்டும். ஆகவே கொள்முதல் நிலையத்தில் 17 காட்ட வேண்டுமாயின் 16க்கு அருகில் நிறுத்துவதே அறிவுடைமை. சேமித்து வைக்கும் நெல்லாயின் 14 சதவீதத்துக்குக் கொண்டுவர வேண்டும்.

7. நிறுத்தும்போது முதலில் அடுப்பை அணையுங்கள். கால் மணி நேரமேனும் விசிறியை ஓடவிட்டு, நெல்லும் இயந்திரமும் ஆறிய பின்னர் நிறுத்துங்கள். சூடான நெல்லைச் சாக்கில் கட்டினால் உள்ளே வேர்த்து மீண்டும் ஈரமாகும்.

அவசரத்தின் விலை

இரவில் இன்னும் மூவர் வண்டியோடு காத்திருக்கும்போது இயக்குபவர் வெப்பத்தைக் கூட்ட நினைப்பார். காத்திருப்பவர்களும் அதையே வற்புறுத்துவார்கள். இங்கேதான் உறுதி வேண்டும். நெல்மணியின் மேற்புற ஈரம் விரைவில் போய்விடுகிறது. உட்புற ஈரம் மெல்ல நகர்ந்தே வெளியே வரும். வெப்பத்தை மிகுத்தால் மேற்புறம் சுருங்கும், உட்புறம் சுருங்காது. மணிக்குள் வெடிப்பு விழும். வெளியே உமி மூடியிருப்பதால் அது கண்ணுக்குத் தெரியாது. ஆலையில் அரைக்கும்போது முழு அரிசி குறைந்து நொய் மிகும். அப்பொழுதுதான் கேடு வெளிப்படும்.

ஆகையால் மிக ஈரமான நெல்லை இரு கட்டங்களாக உலர்த்துவது நலம். முதலில் 18 சதவீதம் வரை இறக்கி, நாலைந்து மணி நேரம் ஓய்வு கொடுத்தால் உள் ஈரம் வெளிப்புறம் பரவும். அந்நேரத்தில் மற்றொருவருடைய நெல்லுக்கு இயந்திரம் பயன்படும். பின்னர் மீண்டும் உலர்த்தினால் வேலையும் விரையும், மணியும் வெடிக்காது. காத்திருக்கும் ஈரநெல்லைக் குவிக்காமல் கூரையின்கீழ் மெல்லியதாய்ப் பரப்பிக் கிளறிவிடுங்கள். விசிறிக் காற்று படச் செய்யுங்கள். அது நெல்லை உலர்த்தாவிட்டாலும் சூடேறாமல் காக்கும்.

விதை நெல்லுக்குத் தனி முறை

விதைக்குள் உயிர் இருக்கிறது. 43 டிகிரிக்கு மேல் நெல்மணி சூடானால் முளைப்புத் திறன் கெடும். சான்று பெறும் நெல் விதையின் ஈரம் 13 சதவீதத்துக்கு மேற்படலாகாது. காற்றுப் புகாத உறையில் அடைப்பதாயின் 8 சதவீதத்துக்கு மேற்படலாகாது. இத்துணைக் குறைந்த ஈரத்தை வெப்பத்தினால் மட்டும் எட்ட முயல்வது விதைக்கு ஆபத்து. இதற்காகவே காற்றிலிருந்து நீராவியைப் பிரித்தெடுத்து, சூடு மிகாத வறண்ட காற்றைச் செலுத்தும் ஈரம் நீக்கும் உலர்த்திகள் விதைச் சுத்திகரிப்பு நிலையங்களுக்கு ஏற்றவையாகின்றன.

இவை இருவகைப்படும். ஒன்றில் குளிர்ந்த குழாய்களின்மீது காற்று பட்டு, நீராவி துளித்துளியாக வடிந்துவிடும். மற்றொன்றில் சிலிக்கா ஜெல் போன்ற பொருள் நீராவியை உறிஞ்சிக்கொள்ளும். அப்பொருளை மற்றொரு சூடான காற்றினால் அவ்வப்போது உலர்த்திப் புதுப்பிக்க வேண்டும். ஈரக் காற்று உள்ளே கசிந்தால் இயந்திரம் இரவு பகலாக ஓடியும் பயனிராது. கதவின் ரப்பர் விளிம்பு, சுவரின் துளை, குழாய் இணைப்பு ஆகியவற்றை முதலில் அடையுங்கள். காற்று வடிகட்டியை வாரந்தோறும் சுத்தம் செய்யுங்கள். குளிர்குழாய் வகையில் நீர் வடியும் குழாய் அடைபடாமலும், குழாய்மேல் தூசு படியாமலும் காக்க வேண்டும். உறிஞ்சும் வகையில் புதுப்பிக்கும் சூடேற்றி வேலை செய்கிறதா என்று பார்த்து, ஈரக் காற்றை வெளியேற்றும் குழாயைக் கட்டடத்துக்கு வெளியே விட வேண்டும். அதை உள்ளேயே விட்டால் நீக்கிய ஈரம் திரும்பவும் நெல்லுக்கே வந்து சேரும்.

பராமரிப்பு

நாள்தோறும்: துளைத் தகட்டைத் துடைப்பத்தாலும் கம்பித் தூரிகையாலும் சுத்தம் செய்க. தகட்டின் அடியிற் சேர்ந்த தூசையும் உடைந்த நெல்லையும் அகற்றுக. அடுப்புச் சாம்பலை எடுக்க. எலிவேட்டரின் அடிப்பெட்டியில் தங்கிய நெல்லை வழித்தெடுக்க; அது முளைத்து அழுகிப் பூச்சிக்கு இடமாகும்.

வாரந்தோறும்: பெல்ட்டுகளின் இறுக்கத்தைப் பார்க்க. தளர்ந்த பெல்ட் வழுக்கிக் காற்றைக் குறைக்கும். மிக இறுகியது பேரிங்கைக் கெடுக்கும். கையேடு கூறும் இடங்களில் அளவாக கிரீஸ் இடுக. விசிறி இறக்கைகளில் படிந்த தூசைத் துடைக்க. ஒரு புறம் தூசு மிகுந்தால் விசிறி அதிரும். டீசல் வடிகட்டியையும் பர்னர் முனையையும் சுத்தம் செய்க. கரும்புகை வருவது எரிபொருள் வீணாவதற்கு அடையாளம்.

பருவம் முடிந்ததும்: இயந்திரத்திலிருந்து ஒரு மணி நெல்லும் விடாமல் நீக்குக. பெல்ட்டுகளைத் தளர்த்தி வைக்க. துரு பிடித்த இடங்களைத் தேய்த்து வண்ணம் பூசுக. மின்பெட்டியை மூடி, எலி நுழையும் துளைகளை அடைக்க; எலி கடித்த கம்பியே பல பழுதுகளுக்குக் காரணம். ஈரமானியின் மின்கலத்தை எடுத்து வைத்து, அடுத்த பருவத்துக்குமுன் கொள்முதல் நிலையத்தின் கருவியுடன் ஒப்பிட்டுச் சரிபார்க்க. தேய்ந்த பேரிங், பெல்ட், பர்னர் முனை ஆகியவற்றில் ஒவ்வொரு மாற்றுப் பொருளையேனும் வாங்கி வைக்க. மழை நாளில் ஒரு பெல்ட்டுக்காக இரண்டு நாள் இழப்பது அந்தப் பெல்ட்டின் விலையைக் காட்டிலும் பன்மடங்கு நஷ்டம்.

விபத்தைத் தவிர்த்தல்

இயந்திரம் ஓடும்போது நெல் நிறைந்த கலத்துக்குள் யாரும் இறங்கலாகாது. கீழே நெல் இறங்க இறங்க மனிதனையும் உள்ளே இழுத்துவிடும். பெல்ட்டுகளின்மேல் காப்பு மூடியின்றி இயக்கலாகாது. பழுது பார்க்குமுன் மின் இணைப்பைத் துண்டித்துப் பூட்டு இடுக. தரை இணைப்பைப் பருவந்தோறும் மின் பணியாளரைக் கொண்டு சோதிக்க. அடுப்பும் எஞ்சினும் உள்ள கூடத்தில் சன்னல்களை அடைத்துவிட்டு யாரும் உறங்கலாகாது. அந்தப் புகை உயிரைப் போக்கும். மணல் வாளிகளும் தீயணைப்புக் கருவியும் கைக்கெட்டும் தூரத்தில் இருத்தல் வேண்டும்.

ஊராட்சி செய்ய வேண்டுவது

10 டன் கொள்ளும் சுழற்சி உலர்த்தி, அதாவது 250 மூட்டை, 22லிருந்து 16 சதவீதத்துக்கு இறக்க எட்டு மணி நேரம் எடுக்கலாம். நிரப்புதலும் இறக்குதலும் சேர்த்தால் ஒரு நாளைக்கு இரண்டு முறையே இயலும். ஆகவே நாளொன்றுக்கு 20 டன். ஏக்கருக்கு 2 டன் விளைந்தால் அது 10 ஏக்கரின் நெல். அறுவடை இயந்திரமோ சுமார் ஒரு மணி நேரத்தில் ஓர் ஏக்கரை அறுத்துவிடுகிறது. இரண்டு மூன்று அறுவடை இயந்திரங்கள் ஒரே நாளில் இறங்கினால் உலர்த்தி திணறும்; நெல் தெருவில் நிற்கும்.

ஆகையால் அறுவடை வரிசையையும் உலர்த்தும் வரிசையையும் இணைத்தே முடிவு செய்தல் அவசியம். பருவத்துக்கு முன்பே ஊர்க் கூட்டத்தில் ஒவ்வொருவருடைய பரப்பையும், நட்ட நாளையும் கேட்டு, முறைப்பட்டியல் எழுதிப் பலகையில் ஒட்டிவிட வேண்டும். சிறு விவசாயிகளும் குத்தகைதாரரும் பட்டியலின் கடைசிக்குத் தள்ளப்படாமல் பார்ப்பது உறுப்பினர்களின் கடமை. நூறு மூட்டையைத் தாங்கும் வசதி உடையவருக்கு ஒரு நாள் தாமதம் பெரிதன்று; பத்து மூட்டையே ஆண்டு வருமானமாயுள்ளவருக்கு அதுவே பேரிழப்பு. சிறு அளவுகளைச் சேர்த்து ஒரு சுற்றாக்க வேண்டுமாயின், ஒத்த ஈரமும் ஒரே இரகமும் உள்ளவற்றையே சேர்த்து, ஒவ்வொருவர் எடையையும் ஈரத்தையும் தனித்தனியே எழுதிக்கொண்டால் பின்னர் பூசலுக்கு இடமிராது.

கட்டணத்தை எரிபொருள், மின்சாரம், கூலி, தேய்மானம் என்று பிரித்துக் கூட்டத்தில் சொல்லியே நிர்ணயிக்க வேண்டும். தேய்மானத் தொகையைத் தனிக் கணக்கில் சேர்த்தாலன்றி, முதற் பெரும் பழுதோடு இயந்திரம் நின்றுவிடும். இயக்குவதற்கு உள்ளூர் இளைஞர், பெண்கள் ஆகியோரில் இருவரையேனும் பயிற்றுவித்து வைத்தல் வேண்டும். ஒருவரையே நம்பியிருந்தால் அவர் நோயுற்ற நாளில் இயந்திரமும் நோயுறும். இயந்திரம், மானியம், பயிற்சி பற்றிய விவரங்களை வேளாண்மைப் பொறியியல் துறை அலுவலகத்தில் கேட்டறியலாம்.

நல்ல வெயில் இருக்கும் நாளில் களத்தில் காயவைப்பதே செலவற்ற முறை. அதை விட்டுவிட வேண்டியதில்லை. தை, மாசியில் சம்பா, தாளடி நெல்லுக்குப் பெரும்பாலும் வெயிலே போதும். இயந்திரம் வெயில் நம்மைக் கைவிடும் நாட்களுக்கென்று ஏற்பட்டது. ஆதலால் அது வெயில் நாட்களிலேயே பழுது நீக்கப்பட்டு ஆயத்தமாயிருத்தல் வேண்டும். குறுவை நாற்று விடும்பொழுதே உலர்த்தியின் பெல்ட்டையும் பேரிங்கையும் ஒரு முறை பார்த்துவிடும் வழக்கத்தை ஒவ்வோர் ஊராட்சியும் மேற்கொள்ளுமாயின், ஐப்பசி மழையிலும் நம் நெல் தலை நிமிர்ந்து கொள்முதல் நிலையத்துக்குச் செல்லும்.